பகையழித்தலும் மறக்கருணையும்

எபிரேயர் மறைநூலின்கண் உள்ள திருப்பாட்டுக்கள் 150. அவற்றைத் தமிழ்க் கிறித்துவர் சங்கீதங்கள் என்ப. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் பார்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்று ஆக்கிய விவிலிய மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறிற்று. ஆகலின் சைவர் இவற்றை ஆராய்தல் புதுவதன்று.

இப்பாட்டுக்களுள் இறைவன் கன்மலையாகவும் அரணாகவும் கேடயமாகவும் பேசப்படுகின்றான். நம்மனோர் கோளறு பதிகம் ஓதுமாறு போல, 91-ஆம் பாட்டினை யூதர் காப்புக் கருதி ஓதுப.

இனி, பகைவர் அழிவை வேண்டும் பாட்டுக்களும் பல. அருளே வடிவாய முதல்வன்பால் பிறர் கேட்டை இரத்தல் பொருந்துமோ எனின், 83-ஆம் பாட்டினை நோக்குக. பத்து இனத்தார் ஒருங்கு கூடித் தம் குலப்பெயரையே துடைக்கச் சூழ்ந்தனராக, அவர் காற்றின்முன் துரும்பாகுக எனப் புலவன் வேண்டுகின்றான். அவர் அழிக என்றும் சொல்லுகின்றான். ஆயினும், அவர் நாணுதல் இறைவன் பெயரைத் தேடுதற்பொருட்டு என்றும், அவனே மேலோன் என்று உணர்தற்பொருட்டு என்றும் அப்பாட்டுப் பயன் கூறும். 137-ஆம் பாட்டின் இறுதியோ பாபிலோனியர்தம் மகவையும் விடாத வெஞ்சினம். அது நாடிழந்து சிறைப்பட்டார் நெஞ்சின் சினமேயன்றி இறைவன் செயலன்று.

நம் சித்தாந்தம் இதனை மறக்கருணை என்னும் ஒரு சொல்லான் தெளிவிக்கும். சொற்கேளாப் புதல்வரைப் பெற்றோர் ஒறுத்தலும் அன்பே எனச் சிவஞான சித்தியார் விளக்கும். திருஞானசம்பந்தர் பதிகங்களிற் பெரும்பாலனவற்றின் எட்டாம் பாட்டு இராவணனைக் கூறும். மலைக்கீழ் நெரிந்த அவனே இசைபாடி வாளும் வரமும் பெற்றான். தண்பொருநை கடலொடு கலக்குமிடத்திற்குத் தெற்கே விளங்கும் திருச்செந்தூரில், வேற்படையால் இருகூறான சூரன் சேவலும் மயிலுமாய் முருகன் திருவடி சார்ந்தான். இரண்டிடத்தும் கெட்டது செருக்கு, உயிர் உய்ந்தது.

எபிரேயப் பாட்டுக்களுட் பகையாவார் பெரும்பாலும் மாந்தரும் நாடுகளுமே. நம்மவரோ அகத்தும் புகுந்து நோக்கினர். முப்புரமாவது மும்மலம் என்றார் திருமூலர். ஆணவமே முதற்பகை, அது மாற்றானிடத்தும் உண்டு, நம்மிடத்தும் உண்டு.

ஆகலின், வழக்கிலும் பங்காளிப் பூசலிலும் மாறுபட்டாரை மனத்துட்கொண்டு கவசமும் பதிகமும் ஓதுவார், அவர்தம் பகைமை கெடுக என்று வேண்டுக. அவர் கெடுக என்று வேண்டற்க. அவ்வேண்டுதல் தம்மிடத்துள்ள ஆணவத்தையும் உடன் அறுக்கும் என்க.

திருச்சிற்றம்பலம்.