குஞ்சு போனது பகலிலா, இரவிலா?

கோழி காணாமல் போனதும் கடைக்கு ஓடி வலை வாங்காதீர்கள். எந்த நேரத்தில் போனது என்று முதலில் பாருங்கள். பகல் என்றால் பருந்து, வல்லூறு, காகம், கீரி. இரவு என்றால் மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு. தெருநாய்க்குப் பொழுது கணக்கில்லை. முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பாக இருக்கலாம். உடைந்த ஓடு கிடந்தால் கீரியையோ பெருச்சாளியையோ சந்தேகியுங்கள்.

இரவில் கோழி போனால் கூண்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அறுகோணக் கண் வைத்த கோழிவலையைத்தான் பலரும் அடிக்கிறார்கள். அது கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும். மரநாய் கண்ணுக்குள் காலை விட்டு, கம்பியோரம் தூங்கும் கோழியைப் பிடித்து இழுக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தாய்க்கோழியைக் குஞ்சுகளோடு பறிகொடுத்தவர்கள் அந்தச் செலவைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஓரங்களில் மரப்பட்டி வைத்துத் திருகாணி போடுங்கள். கூண்டு தரையில் இருந்தால் மெஷ்ஷை வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து விரித்து மண்ணால் மூடுங்கள். தோண்டும் பிராணி கூண்டை ஒட்டித்தான் தோண்டும். அங்கே கம்பி தடுக்கும். கதவுக்குக் கொண்டி போட்டு ஆணியும் செருகுங்கள்.

பொழுது சாயும் முன் எண்ணி அடையுங்கள். வைக்கோற்போர் ஓரம் தானாக அடை உட்கார்ந்த கோழியை விட்டுவிடாதீர்கள். 21 நாள் அசையாமல் இருப்பதால் எளிதில் மாட்டிக்கொள்ளும். இருட்டிய பின் முட்டையோடு பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள். பஞ்சாரம் பகலுக்குப் போதும், இரவில் நாய் கவிழ்த்துவிடும்.

பகலில் குஞ்சுகளுக்குத் தேவை ஒதுங்க இடம். வெட்டவெளி முற்றத்தில் தாய்க்கோழி கத்தினாலும் ஓடி ஒளிய வழியில்லை. ஓலைத்தட்டி ஒன்றைத் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். மேலே மீன்வலை கட்டலாம். தரையில் புரள விடாதீர்கள், பாம்பு சிக்கிக்கொள்ளும்.

விஷம் வைக்கவே வேண்டாம். கீரியும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விஷம் வைத்த இறைச்சியை உங்கள் வீட்டு நாயும் தின்னும். சிந்திய தீவனத்தை மாலையில் கூட்டி அள்ளுங்கள். தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். முட்டை எடுக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கையை விடுங்கள். உள்ளே பாம்பு தெரிந்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.