பெரிய டயர் போட்டாச்சா? மீட்டரையும் பார்த்துடு தம்பி!

பிக்கப் வண்டிக்கு ஒரு அளவு கூட்டி டயர் மாட்டணும் என்கிற ஆசை நம்ம நாட்றாம்பாளையம் பக்கத்து ரோட்டுக்கு வரத்தான் செய்யும். அஞ்செட்டி ரோடாகட்டும், ஒகேனக்கலுக்கு இறங்குகிற காட்டு ரோடாகட்டும், மழைக்காலத்தில் குழி எது, ரோடு எது என்று தெரியாது. தோட்டத்துக்குள்ளேயே போய்த் தக்காளி ஏற்றுகிறவன், வண்டி அடி தட்டாமல் இருக்க இரண்டு விரற்கடை உயரம் கிடைக்கட்டுமே என்று நினைப்பான். நியாயம்தான். ஆனால் டயரை மாற்றுகிற கையோடு மீட்டரையும் கவனிக்கிறவர்கள் குறைவு. அங்கேதான் கணக்கு உதைக்கும்.

மீட்டர் ரோட்டை அளப்பதில்லை. கியர்பாக்ஸ் பக்கமோ சக்கரத்திலோ இருக்கிற சென்சார் தருகிற சுற்றை எண்ணி, 'ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம்' என்று கம்பெனி சொல்லிக் கொடுத்ததை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதலாக நகரும். அது மீட்டருக்குத் தெரியாது. அதனால் வேகத்தையும் குறைத்துக் காட்டும், ஓடிய கிலோமீட்டரையும் குறைத்துக் காட்டும்.

எவ்வளவு குறையும் என்பதை டயர் ஓரத்தில் இருக்கிற எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். 215/75 ஆர்15 என்று இருந்தால், 215 மில்லிமீட்டர் அகலம், அதில் 75 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 அங்குல ரிம். 215-இல் 75 சதவீதம் 161.25. மேலும் கீழுமாக இரண்டு பக்கம் 322.5. ரிம் 381 மில்லிமீட்டர். மொத்தம் 703.5. இதற்குப் பதிலாக 235/75 ஆர்15 போட்டால் 733.5 வரும். பெரியதைச் சின்னதால் வகுத்தால் 1.043. அதாவது 4.3 சதவீதம் வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.6-இல் போகும். 80 காட்டினால் 83.4.

இதிலேயே இன்னொன்றையும் பார். விட்டம் 30 மில்லிமீட்டர் கூடியது. ஆனால் வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதி, ஒன்றரை சென்டிமீட்டர். நீ கேட்டது இரண்டு விரற்கடை, கிடைத்தது ஒன்றுகூட இல்லை.

வேகத்தைவிட எனக்குக் கவலை கிலோமீட்டர் கணக்கில்தான். வீட்டில் டீசல் நோட்டு எழுதுகிற தங்கச்சிகள் இதைக் கவனமாகப் படிக்கணும். 40 லிட்டரில் வண்டி நிஜமாக 500 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மைலேஜ் 12.5. அளவு மாறிய டயரில் மீட்டர் 480 என்றுதான் காட்டும். நோட்டில் மைலேஜ் 12 என்று விழும். உடனே பங்க்கில் அளவு குறைச்சல், இன்ஜெக்டர் போச்சு என்று ஆளாளுக்குப் பஞ்சாயத்து. கனமான டயருக்கு டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் மீட்டரைச் சரிசெய்யாமல் எது நிஜக் குறைவு, எது பொய்க் குறைவு என்று பிரிக்க முடியாது. கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு நேரடி நட்டம்: 150 கிலோமீட்டர் நடைக்கு மீட்டர் 144-ஐ ஒட்டித்தான் காட்டும். ஆறு கிலோமீட்டர் இனாம். ஆயில் மாற்றுவதும் தள்ளிப் போகும். மீட்டரில் 10,000 வரும்போது வண்டி 10,400-ஐத் தாண்டியிருக்கும்.

சரி, சோதிப்பது எப்படி? டயர் மாற்றுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை சோதித்துக்கொள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கம்பெனியில் இருந்து வரும்போதே பல வண்டிகளின் முள் நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஐ.நா. வாகன விதி 39-ன்படி மீட்டர் நிஜ வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே ஓரளவு காட்டலாம். அதனால் முன்பு கூட்டிக் காட்டிய முள், பெரிய டயர் போட்டதும் சரியாகக் காட்டுவதுபோல் தெரியும். 'பார்த்தியா அக்கா, ஒண்ணும் மாறல' என்பாய். ஆனால் கிலோமீட்டர் ரீடிங்குக்கு அந்தக் கூட்டல் கிடையாது, அது முதலிலேயே ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும். இப்போது அதுதான் தவறிப் போகும். ஆகவே வேகத்தைத் தனியாக, தூரத்தைத் தனியாகச் சோதிக்கணும்.

இதை நம்ம காட்டு ரோட்டில் செய்யாதே. வளைவிலும் மரத்தடியிலும் போன் ஜி.பி.எஸ். தடுமாறும், யானை நடமாட்டம் வேறு. ஓசூர்-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைக்குப் போ. நேரான சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, வழக்கமான லோடில் பாதியாவது ஏற்றி, 60-இல் ஒரே சீராக ஓட்டு. போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீ ரோட்டைப் பார். ஜி.பி.எஸ். இல்லாவிட்டாலும் கிலோமீட்டர் கல் இருக்கிறது. சரியான 60-இல் கல்லுக்குக் கல் 60 வினாடி. 57.5 வினாடியில் கடந்தால் நிஜ வேகம் 62.6. 3,600-ஐ வினாடியால் வகு, வேகம் வந்துவிடும். தூரத்துக்குப் பத்துக் கல் ஓட்டிப் பார். மீட்டர் 9.6 காட்டினால் மேலே போட்ட கணக்கு சரி. ஒரு கல்லை மட்டும் நம்பாதே, ரோடு அகலப்படுத்தும்போது கல் இடம் மாறியிருக்கலாம்.

சரிசெய்வது வண்டியைப் பொறுத்தது. கேபிள் போகிற பழைய வண்டியில் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். 22 பல் இருந்த இடத்தில் 21 பல் போட்டால் மீட்டர் 4.8 சதவீதம் வேகமாகச் சுற்றும். மாற்றுச் சக்கரம் கிடைத்தால் வேலை சுலபம், செலவும் கையைக் கடிக்காது. சென்சார் வண்டிக்குக் கம்பெனி சர்வீஸில் ஸ்கேனர் மாட்டி டயர் அளவையோ, கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணையோ மாற்றணும். சில மாடல்களில் கம்பெனி ஒப்புக்கொண்ட அளவுகளுக்கு மட்டும்தான் அது இடம் கொடுக்கும். 'ஒரு டப்பா மாட்டித் தர்றேன்' என்று ஒயரை வெட்டுகிறவரிடம் கொஞ்சம் நிதானி. அதே சிக்னல்தான் பல வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் போகிறது. முடித்ததும் அதே பத்துக் கல்லில் மறுபடி ஓட்டிப் பார். மாற்றிய நாளின் ரீடிங்கை லாக் புத்தகத்தில் எழுதி வை. பழைய ரீடிங்கைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் வேண்டாம், அது வேறு வில்லங்கம்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்கு வண்டிக்கு நான்கு வழிச்சாலையில்கூட 80-தான் உச்சம். மீட்டரோடு சேர்ந்து அந்தக் கருவியும் ஏமாந்தால் 83-இல்தான் பிடிக்கும். ரோட்டில் வேகம் பிடிக்கிற கேமராவுக்கு உன் டயர் கதை தெரியாது. கருவியின் சீலை நீ உடைக்காதே. பொருத்திக் கொடுத்த டீலரிடமே போய்ச் சரிசெய்து சான்றிதழ் வாங்கு, எஃப்.சி.க்குத் தேவைப்படும்.

சட்டமும் இருக்கிறது. சரக்கு வண்டிப் பதிவுக்கான படிவம் 20-இலேயே ஒவ்வொரு அச்சுக்கும் டயர் அளவு எழுதியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரும்போது இந்தக் கேள்வி எழும்பும்.

பின்னாடி மட்டும் பெரிய டயர் போடுகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதாக நினைத்து ஏ.பி.எஸ். விளக்கு எரியும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கணும். முழு லோடில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து, டயர் எங்கேயும் உரசுகிறதா என்று குனிந்து பார். டயர் ஓரத்து லோடு எண் பழையதைவிடக் குறையக் கூடாது. 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 100 என்றால் 800 தான். பெரியதாகத் தெரிகிறதே என்று காருக்கான டயரை வாங்கி மாட்டிவிட்டால் ஒரு சக்கரத்துக்கு 150 கிலோ போச்சு. டயர் பெரிதானால் மேட்டில் இழுவை குறையும், இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும், அதையும் எண்ணிக்கொள்.

என்னைக் கேட்டால், வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டுகிற டயர் வேண்டாம். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு இவ்வளவு வேலையும் வில்லங்கமும் கட்டுப்படியாகாது. நல்ல பட்டன் உள்ள, அதே அளவு, அதே லோடு எண் டயர் வாங்கு. ஏற்கெனவே மாட்டிவிட்டாய் என்றால், அடுத்த தடவை ஓசூருக்கு லோடு இறக்கிவிட்டு வரும்போது மீட்டரைச் சரிபார்க்காமல் ஊர் திரும்பாதே.