பால் ஜாயிண்டில் கை வைக்கும் முன்

கடலூர், சிதம்பரம் பக்கம் அண்டர் சேஸிஸ் வேலை பழக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளையும் லோயர் ஆர்மையும் இணைப்பது பால் ஜாயிண்ட். நம் தோள்மூட்டைப் போலக் கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. சக்கரம் பள்ளம் மேட்டில் ஏறி இறங்குவதும், ஸ்டியரிங்குக்குத் திரும்புவதும் இதை நம்பித்தான். பழைய பிரீமியர் பத்மினியில் இந்த வேலையைக் கிங் பின் செய்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 பெருகப் பெருக, சின்ன ஊர்ப் பட்டறைக்கும் பால் ஜாயிண்ட் அன்றாட வேலையாகிவிட்டது.

1. முதலில் டஸ்ட் கவரைப் பார். இப்போது வரும் பால் ஜாயிண்ட் பெரும்பாலும் உள்ளே கிரீஸ் வைத்து மூடியே வருகிறது. ரப்பர் கவர் கிழியாத வரை பல வருஷம் உழைக்கும். கிழிந்துவிட்டால் நம் ஊரில் அதற்கு ஆயுசு குறைவு. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும் வண்டியும், பிச்சாவரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போய்வரும் டாக்ஸியும் உப்பு ஈரத்தையும் மணலையும் அடியில் அப்பிக்கொண்டுதான் திரும்புகின்றன. கீறல் வழியாக அது உள்ளே இறங்கினால் கிரீஸ் கெடும், உருண்டை துருப்பிடிக்கும், துருவும் மணலும் சேர்ந்து கிண்ணத்தைத் தேய்த்துவிடும். ஆயில் மாற்ற வந்த வண்டியானாலும் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார். கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்.

2. சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. வேகத்தடையில் ‘கடக்’ என்று கேட்டால் அது ஸ்டெபிலைசர் லிங்காக இருக்கலாம், ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம், ஸ்ட்ரட் மவுண்டாகவும் இருக்கலாம். மாருதி மாதிரி ஸ்ட்ரட் வண்டிகளில் முன்சக்கரம் இரண்டையும் தூக்கித் தொங்கவிடு. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங்கைச் சந்தேகி. நிற்கவில்லையென்றால் கண்ணை பால் ஜாயிண்டில் வை. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது டை ராட் எண்ட் பக்கம். கடைசியில் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லிவர் கொடுத்து நெம்பிப் பார். தேய்ந்த ஜாயிண்ட் அங்கே தப்பிக்க முடியாது.

3. ஸ்ப்ரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் வழி வேறு. அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஜாயிண்ட். சுமை கீழ் ஜாயிண்டில். சோதிக்கவும் கழற்றவும் ஜாக்கி லோயர் ஆர்முக்கு அடியில்தான் நிற்க வேண்டும். ஆர்மைத் தாங்காமல் ஜாயிண்டை விடுவித்தால், அமுங்கியிருக்கும் ஸ்ப்ரிங் ஆளையே அடித்துப் போடும். இதில் சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பெரியவரைக் கூப்பிடு.

4. ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. ஸ்டாண்ட் போடு, பின்சக்கரத்துக்குக் கட்டை வை.

5. கழற்றுவதில் அவசரம் வேண்டாம். ஸ்டட்டைப் போல்ட்டால் கவ்விப் பிடிக்கும் நக்கிள் என்றால், போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. முழுக்க உருவு. ஸ்டட்டில் உள்ள பள்ளத்தில்தான் அது பூட்டிக்கொண்டிருக்கிறது. உப்புக்காற்றில் இறுகிப்போன போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வை. டேப்பர் ஸ்டட் என்றால் நட்டை முழுக்க எடுக்காமல் சில மரை விட்டு வைத்து, புல்லர் போடு. புல்லர் இல்லாத இடத்தில் நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டு. மரையில் அடிக்கவே கூடாது. நக்கிள் விடுபட்டதும் அதை வெளியே இழுத்துத் தொங்கவிடாதே. ஆக்ஸில் உள்பக்கம் கழன்றுகொள்ளும், பிரேக் ஹோஸ் இழுபடும். கம்பியால் கட்டி வை.

6. சில வண்டிகளுக்கு ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கும். சிலவற்றுக்கு ஆர்மோடு சேர்த்துத்தான் கம்பெனி தருகிறது. புஷ்ஷும் போயிருந்தால் ஆர்மோடு மாற்றுவதே நல்லது. காசு கொஞ்சம் கூடினாலும் கூலி ஒரு தடவையோடு முடியும். சென்னை ரானே மாதிரித் தெரிந்த கம்பெனிச் சாமானை நம்பிக்கையான கடையில் வாங்கு. பிரஸ்ஸில் ஏற்றும் ஜாயிண்டை வெளி வளையத்தில் அழுத்து, நடுவில் அழுத்தாதே.

7. டேப்பரை உலரத் துடைத்து மாட்டு, அங்கே கிரீஸ் தடவாதே. டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறுக்கு. ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்காதே. ஸ்ப்ளிட் பின் புதிதாக இருக்கட்டும். ஆர்ம் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே ஓடி, சீக்கிரம் கிழியும்.

8. அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்பாதே.

9. மழை முடிந்து தை பிறந்ததும் பழைய வாடிக்கையாளர்களை நீயே கூப்பிடு. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம் கடலூர் மாவட்டத்தை எப்படிப் புரட்டியது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தண்ணீரில் நின்ற வண்டி என்ஜின் ஓடுகிறது என்பதற்காகத் தப்பித்துவிட்டது என்று எண்ணாதே. கவர் ஓரமாக இறங்கிய நீர் பிறகுதான் வேலையைக் காட்டும். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவு. பிரஷர் கன்னைக் கவர் விளிம்பில் நெருக்கிப் பிடிக்காதே, நீயே தண்ணீரை உள்ளே ஏற்றிவிடுவாய்.

10. ஆட்டம் கூடிப்போன வண்டியை, ‘சிதம்பரம் போய் வந்து மாற்றிக்கொள்கிறேன்’ என்று யார் சொன்னாலும் சாலைக்கு விடாதே. உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். அதன்பின் ஸ்டியரிங் ஓட்டுநர் கையில் இருந்தும் இல்லாத மாதிரி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக லாரியும் பஸ்ஸும் பாயும் சாலையில் இது உயிர் போகும் விஷயம். வண்டிக்காரர் சத்தம் போட்டாலும் பொறுத்துக்கொள். சக்கரத்தைத் தூக்கி, அவர் கையையே வைத்து ஆட்டிக் காட்டு. மாற்றிய பழைய ஜாயிண்டைத் துணியில் சுற்றி அவரிடமே கொடு, பில்லில் கிலோமீட்டரைக் குறித்து வை.