பேர் கூப்பிடும் நேரம்

நீதிபோதனைக்கென்று கால அட்டவணையில் ஒரு பீரியடு உண்டு. பெரும்பாலும் அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தருவதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக நினை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் படித்து எந்தப் பிள்ளையும் மாறி நான் பார்த்ததில்லை. லேட்டாக வந்தவனிடம் டீச்சர் என்ன கேட்டார், எந்தக் குரலில் கேட்டார் என்பதைத்தான் வகுப்பு மொத்தமும் கவனிக்கிறது. மறுநாள் அதே குரலில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பேசுகிறது.

திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை நான். பாடம் அறிவியல். பிள்ளைகளில் பெரும்பாலோரின் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர்கள் வீடு திரும்ப இரவு எட்டு தாண்டும். ஆர்டர் நெருக்கினால் நேரம் காலமே கிடையாது. சனிக்கிழமை சம்பளம். திங்கட்கிழமை எந்த முகம் வாடியிருக்கிறது என்று பார்த்தால், இடையில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். தேனி, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் உண்டு. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து தட்டுத் தடுமாறித் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் உண்டு.

பேர் கூப்பிடும் நேரத்திலிருந்து தொடங்குகிறேன். ‘ரெண்டு நாளா ஏன் வரல?’ என்று பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டால், ‘காச்சலுங் டீச்சர்’ என்றுதான் பதில் வரும். வாடகை பாக்கியால் வீடு மாற்றியதும் காய்ச்சல், அப்பா அடித்து அம்மா ஊருக்குப் போனதும் காய்ச்சல், தீட்டு வலியும் காய்ச்சல். அதனால் லீவு முடிந்து வருகிறவர்களிடம் ‘வந்துட்டியா, நல்லது’ என்பதோடு சரி. காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், அதுவும் கை வேலையாக இருக்கும்போது. நேரெதிரே உட்காரவைத்து ‘மனசுல என்ன இருக்கு, சொல்லு’ என்றால் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. லேபில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருக்கும்போது, குழாயைப் பார்த்தபடியே சொல்லிவிடுகிறார்கள்.

ஒருநாள் முதல் பீரியடிலேயே ஒரு பையன் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிட்டான். பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. ‘எழுப்பட்டுமாங் டீச்சர்?’ என்று ஒருவன் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான். ‘வேண்டாம், அந்த ஜன்னலைச் சாத்து, அவன் மூஞ்சியில வெயில் அடிக்குது’ என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஸ்கேல்காரன் ஒரு கணம் முழித்தான், பிறகு போய்ச் சாத்தினான். இடைவேளையில் கேட்டபோது தெரிந்தது, அம்மாவுக்கு நைட் வேலை, கைக்குழந்தைத் தங்கையை இவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கவனித்தது வேறு. அதற்குப் பிறகு யார் தூங்கினாலும் வகுப்பு என் முகத்தைப் பார்ப்பதில்லை. யாராவது எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தூக்கம் வராதவனும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். படுக்கட்டும். எவன் நடிக்கிறான் என்று பிள்ளைகளே இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிள்ளைகளைக் கூசவைப்பதில் பள்ளியின் அன்றாட வழக்கங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உதவித்தொகைப் படிவம் வந்ததும் ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க’ என்று வகுப்பில் அறிவிப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. அதைச் சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து நிற்பவனை மற்றவர்கள் அந்த நிமிடத்தில் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியேதான் விளையாட்டு மைதானத்திலும் பார்ப்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்றது. கயிற்றை அவிழ்த்துவிடலாம், வாத்தியார் வாயால் சாதியை அறிவிப்பதை யார் அவிழ்ப்பது? தேவையான பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. மதிய இடைவேளையில் ஒவ்வொருவராக அழைத்தால் கூடுதலாக அரைமணி ஆகும்.

தேர்வுத்தாள் கொடுப்பதும் அப்படித்தான். முதல் மார்க்கிலிருந்து கடைசி மார்க் வரை வரிசையாகக் கூப்பிட்டால், கடைசியில் வருகிறவன் தாளை வாங்குவதற்குள் செத்துப் பிழைக்கிறான். நான் தாள்களை மடித்து, மார்க்கை உள்பக்கம் போட்டு, வந்த வரிசையில் கொடுக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பை விட்டுவிட்டோம் என்று பெருமைப்படும் பலரும் அந்த இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை.

பயிற்சி என்று ஏதாவது வேண்டுமென்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கண்டக்டர் கட்டுரை. எங்கள் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் பாஸ் வைத்துப் போகிறவர்கள். கண்டக்டர் திட்டினார், பஸ்ஸை நிறுத்தாமல் போனார் என்று தினமும் ஒரு புகார் இருக்கும். ‘சரி, இன்னைக்கு நீதான் கண்டக்டர், உன் ஒருநாளை எழுது’ என்றேன். பாதிப் பேர் கிண்டலாகத் தொடங்கினார்கள். படியில் தொங்கியே பழகிய ஒருவன் எழுதியதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து யாரிடமும் சில்லறை இல்லை, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க நேரமில்லை, படியில் நிற்கும் பையன் விழுந்தால் என் வேலை போய்விடும், இறங்குடா என்றால் சிரிக்கிறான் என்று எழுதியிருந்தான். எடுத்ததும் ‘தன் நண்பனின் மனநிலையில்’ எழுதச் சொன்னால் சினிமா வசனம்தான் வரும். பிடிக்காத ஆளிலிருந்து தொடங்குவது நல்லது.

துக்கம் வரும்போது வகுப்பைத் தயார்படுத்துவது தனி வேலை. ஒரு மாணவியின் அப்பா திடீரென்று இறந்துபோனார். பிள்ளைகள் பணம் வசூலித்துக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுக்கலாம், ஆனால் வகுப்பில் வைத்துக் கொடுக்க வேண்டாம், வீட்டுக்குப் பெரியவர்கள் மூலம் போகட்டும் என்றேன். அதைவிட முக்கியமாக, ‘அவ திரும்பி வந்ததும் என்ன பேசுவீங்க?’ என்று கேட்டேன். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் எழுந்து, ‘எங்க தாத்தா செத்தப்ப எல்லாரும் எப்பிடிச் செத்தாருன்னே கேட்டாங்க. அத மட்டும் கேக்காதீங்க’ என்றான். அவன் சொன்னதை அப்படியே விதியாக்கினோம். விடுபட்ட பாடங்களை எழுதிக்கொடுக்க மூன்று பேர் முன்வந்தார்கள், அதில் ஒருத்தியின் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது என்று சண்டை வந்தது.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப்போட ‘மாணவர் மனசு’ பெட்டி அரசுப் பள்ளிகளில் உண்டு. தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் அதில் ஒட்டடைதான் சேரும். யார் கடிதம் போடுகிறார்கள் என்று ஊரே பார்க்கும் இடம் அது. நான் வாரக் கடைசியில் எல்லாருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, எழுத ஒன்றுமில்லை என்றாலும் மடித்துப் போடச் சொல்கிறேன். எழுதுவதற்கு இல்லாதவர்கள் படம் வரையலாம். எல்லாரும் போடுவதால் எழுதியவர் யாரென்று தெரியாது. வருபவற்றில் பெரும்பாலானவை கிரிக்கெட் பந்து வேண்டும் வகை. எப்போதாவது ஒன்றில், பெயரில்லாமல், ‘வீட்டுக்குப் போகவே புடிக்கல’ என்று இருக்கும்.

அந்தத் தாள் வரும்போதும், ஒரு பிள்ளை தானாக வந்து பேசும்போதும் ஆசிரியர் வைத்தியராகிவிடக் கூடாது. கேட்பது நம் வேலை, குணப்படுத்துவது வேறொருவர் வேலை. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கை நான் கொடுப்பதே இல்லை. ‘உனக்கு உதவ யாருக்குச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்’ என்பேன். பாலியல் தொல்லை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். சாவைப் பற்றி ஒரு பிள்ளை ஜாடையாகப் பேசினால், ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆசிரியர்களிடம் நிறைய இருக்கிறது; மனநல மருத்துவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. தோன்றுகிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டாரையும் மருத்துவரையும் அன்றே சேர்க்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். இரண்டையும் என் வகுப்பில் தண்ணீர்ப் பானைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். அங்கே நின்று பார்ப்பதில் யாருக்கும் வெட்கமில்லை.

எட்டாவது பீரியடில், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் பாக்கியிருந்து, தொண்டையும் கட்டிக்கொண்டால் எந்த ஆசிரியருக்கும் பொறுமை இருக்காது. அன்று ‘எனக்கு இன்னைக்கு முடியல, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க’ என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் மதிக்கிறார்கள்; பாதி நாள்.

வருடக் கடைசியில் வகுப்பை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது ஸ்டாப் ரூமில் கதைகளும் கைமாறும். யாருடைய அப்பா ஜெயிலில், யாருடைய அம்மா விட்டுவிட்டுப் போனாள் என்பதெல்லாம் டீயோடு பரிமாறப்படும். நான் தருவது ஒரு சின்னச் சீட்டு. இவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது, வலது காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவையுங்கள். இவனைப் பெயர் சொல்லி வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள், திக்கும், எழுதினால் பிரமாதம். இவன் தூங்கினால் தங்கையைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக் கதைகளை அந்தப் பிள்ளைகளே சொல்லிக்கொள்ளட்டும், சொல்லத் தோன்றும் ஆளிடம்.