நிலவில் இறங்க எத்தனை வழி?

கேள்வி: அப்போலோ பயணத்தில் ஒருவர் மேலே சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பேர் மட்டும் சிறிய கலத்தில் நிலவில் இறங்கினார்கள். இந்த யோசனை யாருடையது? மூவருமே நேராகப் போய் இறங்கியிருக்கக் கூடாதா?

பதில்: நாசாவும் முதலில் அப்படித்தான் நினைத்தது. 1961 மே மாதம் அதிபர் கென்னடி நிலவுத் திட்டத்தை அறிவித்தபோது, எப்படி இறங்குவது என்பதே முடிவாகவில்லை. முக்கியமாக மூன்று வழிகள் போட்டியில் இருந்தன.

முதலாவது நேர்வழி. கலம் முழுவதும் நிலவில் இறங்கி, அங்கிருந்து பூமிக்குக் கிளம்பும். திரும்பி வருவதற்கான எரிபொருள், பூமியின் காற்றில் எரியாமல் காக்கும் வெப்பக் கவசம் எல்லாவற்றையும் நிலவில் இறக்கி, மறுபடி மேலே தூக்க வேண்டும். இதற்கு, அப்போலோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டைவிடப் பெரிதாக ‘நோவா’ என்றொரு ராக்கெட் தேவைப்பட்டது. அது காகிதத்தோடு நின்றுபோனது.

இரண்டாவது, நாசாவின் ராக்கெட் வல்லுநர் வான் பிரவுன் குழு விரும்பிய வழி. ஒன்றுக்கு மேற்பட்ட ராக்கெட்டுகளை ஏவி, பூமியைச் சுற்றும்போதே கலத்தை இணைத்தோ எரிபொருள் நிரப்பியோ நிலவுக்கு அனுப்புவது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. மலைக்கோயிலுக்குப் போகிறவர் பெட்டி படுக்கையை அடிவாரத்தில் வைத்துவிட்டு ஏறுவதில்லையா, அதே கணக்கு. ஊர் திரும்பத் தேவையானதெல்லாம் நிலவைச் சுற்றும் தாய்க்கலத்திலேயே இருக்கும். இறங்கும் கலத்துக்கு வெப்பக் கவசம் வேண்டாம். எடையைக் குறைக்க இருக்கைகளைக்கூட எடுத்துவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நின்றுகொண்டேதான் இறங்கினார்கள். நின்றால் கண் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதனால் ஜன்னலும் சிறிதாக இருந்தால் போதும். பாதிக் கலத்தை ஏவுமேடையாக நிலவிலேயே விட்டுவிட்டு, மேல்பாதி மட்டும் கிளம்பியது.

இதற்காக மல்லுக்கட்டியவர் நாசாவின் லாங்லி மையப் பொறியாளர் ஜான் ஹூபோல்ட். அங்கேயே வில்லியம் மைக்கேல் என்பவர் 1960-இல் இதைக் கணக்கிட்டிருந்தார். ஆனால் மேலிடம் அஞ்சியது. விண்வெளியில் இரண்டு கலங்கள் அதுவரை சந்தித்ததே இல்லை. நிலவருகே இணைப்பு தவறினால் காப்பாற்ற வழியில்லை. 1961 நவம்பரில் ஹூபோல்ட் தன் மேலதிகாரிகளைத் தாண்டி, நாசாவின் இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கே ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். 1962 ஜூனில் வான் பிரவுனும் இந்தப் பக்கம் சாய்ந்தார். ஜூலையில் அறிவிப்பு வந்தது. கென்னடியின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னர் மட்டும் விடவில்லை. அந்த செப்டம்பரில் ஹன்ட்ஸ்வில்லில் கென்னடி முன்னிலையிலேயே வாதிட்டார்.

யோசனையின் வேர் இன்னும் பழையது. உக்ரைனில் பிறந்த யூரி கொன்ட்ரத்யுக், கோளைச் சுற்றும் கலத்திலிருந்து சிறிய கலம் இறங்கித் திரும்பும் முறையை எழுதிவைத்தார். 1929-இல் சொந்தச் செலவில் நூலும் வெளியிட்டார்.

கேள்வி: வேறு விசித்திரமான யோசனைகள் உண்டா?

பதில்: உண்டு. 1962-இல் பெல் நிறுவனத்தின் ஜான் கார்டும் லெனர்ட் சீலும், ஒரே ஒருவரை முதலில் அனுப்பிவிடலாம் என்றார்கள். திரும்ப அழைத்துவரும் வசதி தயாராகும்வரை அவர் அங்கேயே இருக்க வேண்டும். உணவும் காற்றும் ஆளில்லாக் கலங்களில் போய்ச் சேரும்! சோவியத் திட்டத்திலும் இறங்குபவர் ஒருவர்தான். தாய்க்கலத்துக்கும் இறங்குகலத்துக்கும் நடுவே உள்வழி கிடையாது, விண்வெளி உடையில் வெளியே ஏறித்தான் மாற வேண்டும். அவர்களுடைய என்1 ராக்கெட் 1969 முதல் 1972 வரை நான்கு முறையும் தோற்றதால், அதற்கு வாய்ப்பே வரவில்லை.

கேள்வி: இன்றைய திட்டங்கள் எந்த வழி?

பதில்: சீனா ஆட்களையும் இறங்குகலத்தையும் தனித்தனி ராக்கெட்டில் அனுப்பி, நிலவைச் சுற்றும்போது இணைக்கப்போகிறது. அமெரிக்காவின் ஸ்டார்ஷிப் இறங்குகலம் பூமியைச் சுற்றும்போதே எரிபொருள் நிரப்பிக்கொண்டு நிலவுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். ஹூபோல்டின் வழியும் வான் பிரவுனின் வழியும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆளை ஏற்றிக்கொண்டு நேரே போய் இறங்கும் வழி மட்டும் இதுவரை யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.