மெலிந்த கலவை

சேலம், நாமக்கல் சமவெளிகளிற் பாற்கேனும் மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் நெடுங்காலம் சுமந்தது, 1980ஆம் ஆண்டில் ஓசூரில் தோன்றிய டி.வி.எஸ். 50 மொபெட்டு. அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோல், ஆயில், காற்று மூன்றும் கலந்த கலவையைக் கிராங்கு அறைவழியே உட்கொள்வது. ஆண்டுக் கசிவு நேரின் மிகைக்காற்றுப் புகும், கலவை மெலியும், வெப்பம் மிகும், ஈற்றிற் பிஸ்டன் இறுகும், உழவன் பிழைப்பும் உடன் நிற்கும்.

ஆக்ஸிலேட்டரை விட்டபின்னும் வேகந் தணியாது சீறுமாயின், அதனை வலிமையென்று கொள்ளற்க, நோயென்று கொள்க. கார்புரேட்டரும் சைலன்ஸரும் பொருந்தும் வாய்களை அடைத்து, காந்தச்சக்கரத்தைக் கழற்றி, சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டளவு காற்றைக் கைப்பம்பினால் மெல்ல ஏற்றி, காஸ்கெட்டுகளிலும் கிராங்கு சீல்களிலும் சோப்புநீர் தடவுக. குமிழி எழுமிடமே கசிவிடம்.

கசிவைக் காணாது பிஸ்டனை மட்டும் மாற்றுவோன், மறுமுறையும் அதனை மாற்றுவான்.