பெடல் சொல்லும் சேதி

அம்பாசிடர் காரைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த கார். 2014-ல் அங்கே உற்பத்தி நின்றது. ஆனாலும் பழைய வண்டிகள் சில இன்னும் ஓடுகின்றன. வண்டி பழசாகலாம், பிரேக் பழசாகக் கூடாது.

பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியே சக்கரத்துக்குப் போகும். அங்கே பிரேக் ஷூவைத் தள்ளும். ஷூ டிரம்மை அழுத்தும். வண்டி நிற்கும்.

கோளாறு வந்தால் பெடலே முதலில் சொல்லிவிடும்.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கும். ஆழமாகப் போய், பிறகு கெட்டியாகிறதா? லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

இன்னொன்று மிக ஆபத்தானது. காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆயில் எங்கோ கசிகிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லையா? மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் கெட்டிருக்கும். அந்த வண்டியைச் சவாரிக்கு எடுக்கவே கூடாது.

ஆயில் குறைந்தால் சிலர் என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். அது ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும். வாஷரை மண்ணெண்ணெயில் கழுவுவதும் தவறு.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைச் சற்றே தளர்த்த வேண்டும். ஆயிலோடு காற்றுக் குமிழி வரும். நிப்பிளை முடுக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். இடையிடையே புது ஆயில் ஊற்றுங்கள். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பயிற்சி

1. பெடல் பஞ்சு போல அமுங்கினால் என்ன காரணம்?
2. நிப்பிளை முடுக்கும் முன் காலை எடுத்தால் என்ன ஆகும்?
3. எழுதிப் பழகுங்கள்: டிரம், லைனிங், வாஷர், நிப்பிள்.